சேர்ட் மாற்றி வந்தவன்

குளவி கொட்டி இரண்டாம் நாள் ராத்திரி.
கண் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கி மூடிக்கிடக்க
டிக்கோயா ஆஸ்பத்திரி வாட்டில்
ஒரு சண்டைப் படத்தை முழுசாகக் கேட்டேன்.

கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.
கண்ணாடி நொறுங்கியது. டயர் கீச்சிட்டது.
யாரோ இரும்புப் படியில் ஓடினான்,
எண்பது படியாவது இருக்கும், எண்ணி விட்டுவிட்டேன்.
துப்பாக்கி வெடிக்கும் முன்னால்
ஒரு சின்ன மூச்சு வரும்.
பார்க்கிற ஆட்களுக்கு அது தெரியாது,
வெடி அதை விழுங்கிவிடும்.
கண் மூடிக்கிடப்பவளுக்கு அந்த மூச்சுதான் படம்.

கூட்டித் துடைக்க வந்த சுமனலதாவுக்கு
என் பாஷை பாதிதான் வரும்.
எனக்கு அவள் பாஷை அதிலும் பாதி.
மொப் கட்டையில் சாய்ந்து நின்று அவள் பார்த்தாள்.
"என்ன சொன்னது அக்கே?"
"தம்பியை விட்டுவிடு, என்னைக் கொல்லு என்கிறான்."
"இப்ப என்ன நடக்குது?"
"லொறி வந்தது. அம்மோ, பெரிய லொறி."
கண் அவளுடையது, காது என்னுடையது.
ஒரு படத்தை ஆளுக்கு அரைவாசி
பங்கு போட்டுக்கொண்டோம்.

நடுவில் அவளுக்குச் சிரிப்பு.
"பாலத்தில செத்தது ஆள், திரும்ப வந்தது அக்கே!
அதே மீசை. சேர்ட் மட்டும் வேற."
வில்லனுடைய அடியாள் போல.
கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில், சிவப்பு சேர்ட்டில்,
மறுபடியும் செத்தான்.
"செலவு குறைக்கிறாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம்.
சிரிக்கும்போது முகம் கிழிந்த மாதிரி வலித்தது.

மூன்றாம் தடவை
காக்கி சேர்ட் போட்டு வாட்ச்சராக வந்தானாம்.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு
குண்டு வந்த பக்கம்
போய் நின்றானாம்.
இந்தமுறை சுமனலதா சிரிக்கவில்லை.
"பேர் என்ன அவருக்கு?" என்றாள்.
காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.
படத்தில் ஒருத்தரும் அவனைப்
பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பீலித் தண்ணீர்ச் சண்டையில்
நானும் மங்களேசும் நாலு மாசமாய்ப் பேச்சில்லை.
பக்கத்துப் பக்கத்து நெரைதான்.
கூடை கூடையை உரசினாலும்
முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வோம்.
சவுக்கு மரத்துக் கூடு கலைந்த அன்று
எல்லோரும் கானுக்குள் விழுந்தார்கள்.
எனக்கு வழி தெரியவில்லை. முகத்தில் முதலில் கொட்டியது.
பிறகு திடீரென இருட்டு,
மழையும் சாயமும் ஊறிய படங்கு வாசம்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து
என் தலையில் போட்டு அமுக்கிய கை
எந்தக் கை என்று எனக்குத் தெரியும்.
நாலு மாசத்துக்கு முன்னால்
என் குடத்தைத் தட்டிவிட்ட கை.

ஒரு சொல் பேசவில்லை அப்போதும்.

சாமி வந்தால் கதாநாயகனாக வரும்,
மேளம் அடிக்கும், வெளிச்சம் விழும்,
பார்த்ததும் அடையாளம் தெரியும் என்று
இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
ரெண்டு தடவை அடியாளாய் வந்து
மூணாம் தடவை மூணே நிமிசம் நின்று
கேட்டைத் திறந்துவிட்டுப் போகும் என்று
எந்தப் பூசாரியும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
பீலியடியில் குடத்தோடு நிற்கும்போது
நம்பியிருக்க மாட்டேன்.

கடைசியில் வில்லன் விழுந்தான், உயரத்திலிருந்து, வெகு நேரம்.
பெரிய இசை வந்தது.
கைதட்ட வேண்டிய இடம் அது.
சுமனலதா டீவியை அணைத்தாள்.
வாட்டு முழுக்க மழைச் சத்தம்.

ரெண்டு நாளாய் மிஸ்ஸிமாரிடம் கேட்கிறேன்,
"தூங்குங்க" என்கிறார்கள்.
"சுமனலதா" என்றேன்,
"என்னோடு ஒருத்தியைக் கொண்டுவந்தார்களே,
மங்களேஸ்வரி, இடது கையில் பச்சை குத்தியிருக்கும்.
எந்தக் கட்டில்?"

மொப் கட்டையைச் சுவரில் சாய்க்கிற சத்தம்.
செருப்பு ரெண்டு அடி கிட்ட வந்தது.
பிறகு,
வெடிக்கும் முன்னால் வருமே,
அந்த மூச்சு.